வண்டிக்கு எத்தனை அச்சு

ஷில்வீத்தன், கிழக்குப் பிரஷ்யா
5 ஜூலை 1914, ஞாயிறு

அன்பு அக்கா தெக்லாவுக்கு,

உன் கடிதம் வியாழனன்றே வந்துவிட்டது. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லார் முன்னிலையிலும் பிரித்து வாசிப்பதுதானே நம் வீட்டு வழக்கம். அதுவரை நான் பிரிக்கவில்லை என்று அப்பா நம்புகிறார். நீயும் அப்படியே நம்பிக்கொள். அவர் மனம் நோகும் வரிகளை எங்கே தாண்ட வேண்டும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டாமா?

இந்த முறையும் அவர் செய்தித்தாளுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். நீ கத்தோலிக்கக் கோயிலில் தாலாட்டுப் பாட்டுக் கற்றுக்கொண்டதைத் தாண்டினேன். யூர்கிஸ் அத்தான் அளந்த நிலத்தைப் பற்றிய வரிகளையும் தாண்டினேன். ஆனால் குழந்தையைப் பற்றி நீ எழுதியதை நிறுத்தி நிதானமாக வாசித்தேன். "முதல் பிரசவத்தில் கோவ்னோ டாக்டர் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இந்த முறை நம்ம ஊர் டாக்டர் ப்ரோஷாட் பக்கத்தில் இருந்தால் எனக்குப் பயமிருக்காது. அப்பா வீட்டுக்கு வரலாமா என்று கேட்டுச் சொல்" என்ற வரிகளை. செய்தித்தாளின் பக்கம் திரும்பவேயில்லை அக்கா. பத்து நிமிடம் ஒரே பக்கம்.

பிறகு பேச்சு சரயேவோ பக்கம் போய்விட்டது. ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டதைப் பற்றித்தான் ஊர் முழுக்கப் பேச்சு. நம் சமையல்காரி மினா சூப் கிண்ணத்தோடு நின்றுகொண்டு கேட்டாள்: "எங்கேயோ ஒருத்தன் சுட்டான், எங்கேயோ ஒருத்தர் செத்தாரு. நமக்கென்னங்க அதுல?"

அப்பாவுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் மூளை. "ஆஸ்திரியா செர்பியாவ அடிச்சா ரஷ்யா கேக்கும். ரஷ்யா வந்தா நாம ஆஸ்திரியா பக்கம் நிக்கணும், கையெழுத்துப் போட்டிருக்கோம். நாம நின்னா பிரான்ஸ் ரஷ்யா பக்கம். எல்லாம் கொக்கி மாட்டின பெட்டிங்க. ஒண்ணு தனியா நகர முடியாது. அதனாலதான் ஒண்ணும் நகராது."

"அதுல ஒண்ண எவனாவது இழுத்துட்டா?"

"நீ போய் சூப்பை சூடு பண்ணு."

அக்கா, ஒரு யோசனை. அப்பாவுக்குப் பிடித்ததை எழுதேன். உன்னைப் பற்றியல்ல, ரயிலைப் பற்றி. அந்தப் பக்கத்து அகலத் தண்டவாளம், எஞ்சின்கள், வண்டிகள், எது எந்த நேரத்துக்கு வருகிறது என்று. நீ யூர்கிஸ் அத்தானைக் கட்டிக்கொண்டு எல்லை தாண்டி ரஷ்யப் பக்கம் போனதிலிருந்து, மூன்று வருடமாக, மகள் பேரைச் சொல்ல வாய் வராதவர் எஞ்சின் பேரைச் சொல்லாமல் இருக்க மாட்டார்.

உன் தங்கை,
எல்ஸ்பெத்


கோவ்னோ
1 ஜூலை (உங்களுக்கு 14) 1914

என் எல்ஸிக்கு,

உன் யோசனையைக் கேட்டு இவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "உங்க அப்பாவ மயக்குறதுக்கு நான் எஞ்சின் எண்ணணுமா? கல்யாணத்துக்கே இவ்வளவு பாடுபடலையே!" என்றார். ஆனாலும் மூன்று நாளாக நில அளவை வேலை முடிந்ததும் ஸ்டேஷன் பக்கம் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார்.

ஆகவே அப்பாவுக்காக: காலை ஏழே காலுக்கு வில்னாவிலிருந்து பயணிகள் வண்டி. அதற்குப் பின் இரண்டு சரக்கு வண்டிகள். முன்பெல்லாம் மரமும் ஆளி விதையும்தான் வரும். இந்த வாரம் வைக்கோல் கட்டுகள் வருகின்றன, நிறைய. ஸ்டேஷனுக்குப் பின்னால் புதிதாக நீளமான மேடை கட்டுகிறார்கள். எதற்கு என்று கேட்டால் ஸ்டேஷன்காரர், "மாடு ஏத்த" என்கிறாராம். "இவ்ளோ மாடு லித்துவேனியா முழுக்கத் தேடினாலும் கிடையாது" என்கிறார் இவர்.

போதுமா? எனக்கு எஞ்சின் வகை எல்லாம் தெரியவில்லை. பெரியது, கறுப்பாக இருக்கிறது, நிறைய புகை விடுகிறது என்று அப்பாவிடம் சொல்.

கால் வீங்கியிருக்கிறது. இரவில் குழந்தை உதைக்கும்போது விழித்துக்கொண்டு, உயிரோடிருக்கிறது என்று நிம்மதியாக மறுபடி தூங்குகிறேன். போன முறை ஒன்பதாம் மாதத்தில் உதைப்பது நின்றதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். இதை வாசிக்காதே.

பிரசவம் ஆகஸ்ட் கடைசியில் என்கிறார்கள். உங்கள் நாட்காட்டிப்படி. எங்கள் ரஷ்ய நாட்காட்டியைவிடப் பதின்மூன்று நாள் முன்னால் வாழ்கிற நாட்டில் பிறந்தால் பிள்ளை சீக்கிரம் கிழவனாகிவிடுமாம், இவர் கவலைப்படுகிறார்.

தெக்லா


ஷில்வீத்தன்
19 ஜூலை 1914, ஞாயிறு

அன்பு அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி. அப்பா பேசினார்.

வைக்கோல் கட்டுகள் வரும் இடத்தில் செய்தித்தாள் கீழே இறங்கியது. மேடை வந்ததும் மடித்தே வைத்துவிட்டார். நான் முடித்ததும் கேட்டார்: "வண்டிக்கு எத்தனை அச்சுன்னு எழுதலையா?"

"இல்லையேப்பா."

"பெட்டிய எண்ணக் கூடாது. சக்கரத்து அச்ச எண்ணணும். அப்பத்தான் வண்டி எவ்வளவு இழுக்குதுன்னு தெரியும். அவகிட்ட சொல்லு." பிறகு, சுவரைப் பார்த்தபடி, "கிழக்கு அறைல வெயில் நல்லா வரும். அங்க தொட்டில் போடலாம்" என்றார்.

மினா சமையலறைக்குள் ஓடிப்போய் அழுதாள். நான் அழவில்லை, உனக்கு என்னைத் தெரியும். மாடிக்குப் போய் கிழக்கு அறை ஜன்னலைத் துடைத்தேன்.

இன்னொரு செய்தி. பத்து நாளாக நம் வீட்டு முன்னறையில் ஒரு விருந்தாளி தங்கியிருக்கிறார். கேப்டன் ரோஸ்லர். காட்டுப் பன்றி வேட்டைக்கு வந்திருப்பதாகச் சொல்கிறார், துப்பாக்கியை இதுவரை உறையிலிருந்து எடுத்து நான் பார்க்கவில்லை. ஆனால் படித்தவர். என் புத்தக அலமாரி முன் வெகுநேரம் நின்று, இந்த ஊரில் இப்படி ஓர் அலமாரியை எதிர்பார்க்கவில்லை என்றார். உன் கடிதத்தை வாசிக்கும்போது அவரும் மேசையில் இருந்தார். மிக நன்றாகக் கேட்கிறார் அக்கா. நம் வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. முடிந்ததும், "உங்க அக்கா கண்ணு முன்னால கொண்டுவந்து நிறுத்துறாங்க, ஃபிராய்லைன். அந்த ஸ்டேஷன் பத்திய எனக்கு எழுதித் தர்றீங்களா? எனக்கு ரயில்னா பைத்தியம்" என்றார். இரண்டு முறை மாமிச உருண்டைக் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில் மினாவும் அவர் கட்சி.

எழுதிக் கொடுத்தேன்.

அப்பாவுக்காக அச்சுகளை எண்ணச் சொல். எந்தெந்த நாளில் எவ்வளவு என்றும். நீ உதைப்பு பற்றி எழுதியதை நான் வாசிக்கவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எல்ஸ்பெத்


கோவ்னோ
14 ஜூலை (உங்களுக்கு 27) 1914, திங்கள்

எல்ஸி,

கிழக்கு அறை என்று படித்ததும் வாய்விட்டு அழுதுவிட்டேன். இவர் பயந்துபோய் மருத்துவச்சியைக் கூப்பிடக் கிளம்பிவிட்டார்.

ஆனால் இங்கே நிலைமை சரியில்லை. ஆஸ்திரியா செர்பியாவுக்கு விதித்த கெடு முடிந்துவிட்டதாம். கோட்டையில் சனியிலிருந்து யாருக்கும் விடுப்பு இல்லை. ஆற்றுப் பாலத்தின் இரு முனையிலும் சிப்பாய்கள். சந்தையில் குதிரைகளை வரிசையாக நிற்கவைத்துப் பல்லைப் பார்க்கிறார்கள், எழுதிக்கொள்கிறார்கள். பால்காரியின் குதிரையையும் எழுதிக்கொண்டார்கள். "என் குதிரைக்கு பிரான்ஸ் எந்தப் பக்கம்னுகூடத் தெரியாதேம்மா. அதப் போய் எதுக்கு எழுதுறாங்க?" என்று என் வாசலில் நின்று கத்தினாள்.

அச்சுக் கணக்கு: நேற்று மாலை ஒரே வண்டியில் எண்பத்து நாலு, இவர் எண்ணினார். இன்று காலை இரண்டு வண்டிகள், மூடிய பெட்டிகள், ஒவ்வொன்றிலும் நூறுக்கு மேல். எண்ணிக்கொண்டு நிற்பவரை ஒரு காவல்காரன் "என்ன வேலை இங்கே?" என்று கேட்டானாம். "மாமனாருக்குப் பரிசு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். விளையாட்டு மனுஷன். இனி போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இவரும் சேமப் படைதான், தெரியுமல்லவா? எந்த நேரமும் கூப்பிடலாம். தன்னைக் கூப்பிடும் முன் என்னை எல்லை தாண்டிவிட வேண்டும் என்கிறார். வியாழன் காலை வண்டிக்குச் சீட்டு எடுத்திருக்கிறார். டாக்டர், பிரயாணம் செய்யலாம், ஆனால் தாமதிக்காதீர்கள் என்றார்.

அப்பாவிடம் கேள். வண்டிகளைப் பற்றி இந்தப் பூமியில் அவரைவிட யாருக்குத் தெரியும்? வியாழன் வரச் சொன்னால் வருகிறேன். பொறு என்றால் பொறுக்கிறேன். அவர் வார்த்தையை நம்பி ஒரு காரியம் செய்து எவ்வளவு நாளாகிவிட்டது!

தெக்லா


ஷில்வீத்தன்
28 ஜூலை 1914, செவ்வாய்

அன்பு அக்கா,

இதை ரயில் கார்டு ஷ்முக்கர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நாளைக்கே உனக்குக் கிடைத்துவிடும்.

ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. கடிதம் வந்த கையோடு அப்பாவிடம் வாசித்தேன். கேப்டனும் இருந்தார். எண்பத்து நாலு என்ற இடத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்பா சொன்னது இது: "பயப்பட ஒண்ணுமில்ல. 1908-ல இதே கூத்து. 1912-லயும் ரஷ்யாக்காரன் குதிரைப் பல்லப் பாத்தான், பாலத்துல சிப்பாய நிறுத்தினான், குளிர் வந்ததும் வீட்டுக்குப் போயிட்டான். என் அலமாரில சீல் வச்ச போர்க்கால அட்டவணைக் கட்டு இருக்கு, ஏப்ரல் ஒண்ணாந்தேதி வந்தது. அதப் பிரிக்கச் சொல்லி எனக்கு உத்தரவு வராம எந்தப் போரும் வராது. பிரிச்சதுக்கப்புறமும் பயணிகள் வண்டி ஒரு நாள் ஓடும். அட்டவணை அப்படித்தான் போட்டிருக்கு. வியாழக்கெழம கூட்டமா இருக்கும், வயித்தோட நசுங்குவா. சனிக்கெழம வரச் சொல்லு, முதல் வகுப்புல."

அதன் பிறகு கேப்டன், மிக மென்மையாக: "அதுவரைக்கும் உங்க அக்கா ஒரே ஒரு விஷயம் பாத்துச் சொன்னா நல்லது, ஃபிராய்லைன். கோயில் சுவர்ல, தபால் ஆபீஸ் சுவர்ல ஏதாவது நோட்டீஸ் ஒட்டுறாங்களா, என்ன நிறம்னு. உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி."

எங்களுக்கு என்றால் யாருக்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை.

எனக்கு ஒன்று உறுத்துகிறது அக்கா. சரித்திரப் புத்தகங்களில் போர் ஓர் அத்தியாயத்தின் முதல் வரியில் தொடங்கிவிடுகிறது. உள்ளே இருப்பவர்களுக்கு அத்தியாயம் மாறிவிட்டது என்று யார் சொல்வார்கள்? ஆனால் இது என் படிப்பின் கோளாறாக இருக்கலாம். அப்பாவுக்கு வண்டிகளைத் தெரியும்.

சனிக்கிழமை வா. மினா உன் படுக்கையைப் போட்டுவிட்டாள்.

எல்ஸ்பெத்


கோவ்னோ
18 ஜூலை (உங்களுக்கு 31) 1914, வெள்ளி காலை

எல்ஸி,

அவசரமாக எழுதுகிறேன். ஷ்முக்கர் எட்டு மணி வண்டியில் திரும்புகிறாராம், தபால் போகாது என்று சொல்கிறார்கள்.

விடியற்காலையில் ஒட்டியிருக்கிறார்கள். கோயில் சுவர், தபால் ஆபீஸ், சாராயக்கடை, எல்லா இடத்திலும். சிவப்புத் தாள். சேமப் படையினர் எல்லாரும், குதிரைகள் எல்லாம், இன்றே முதல் நாள் என்று. பெண்கள் சுவர் முன்னால் நின்று அழுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தெரிந்தவர்களை இழுத்துவந்து வாசிக்கச் சொல்கிறார்கள். நானும் நான்கு பேருக்கு வாசித்தேன்.

இவர் மதியம் ஆஜராக வேண்டும். பெட்டி கட்டுகிறேன் என்று இரண்டு முறை சாக்ஸ் வைத்து இரண்டு முறை எடுத்தேன். "எந்த ஊரப் பாத்து அனுப்புவாங்கன்னு தெரியல. உங்க அப்பா ஸ்டேஷனுக்கே அனுப்பிட்டா, தொப்பிய எடுத்து வணக்கம் சொல்லிடுறேன்" என்கிறார். சிரிக்க முயன்றேன். வரவில்லை.

நேற்றே வந்திருக்கலாம். சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். நாளைக் காலை வண்டி ஓடும் என்றுதானே அப்பா சொன்னார்? எப்படியும் வருகிறேன். பிளாட்பாரத்தில் நில். தனியாக இறங்க எனக்குப் பயமாக இருக்கிறது.

தெக்லா


கோனிக்ஸ்பெர்க்
11 நவம்பர் 1914

அக்கா,

நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியாமல் எழுதுகிறேன். ஸ்டாக்ஹோமில் என் பள்ளித் தோழி ஒருத்தி செஞ்சிலுவைச் சங்கத்தில் இருக்கிறாள். கோவ்னோவிலிருந்து ரஷ்யாவின் உட்பகுதிக்கு அனுப்பப்பட்டவர்களின் பட்டியலில் உன் பெயரைப் பார்த்ததாக எழுதினாள். உயிரோடிருக்கிறாய் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை நடந்ததை நீ என்னிடமிருந்துதான் கேட்க வேண்டும்.

மதியம் ஷ்முக்கர் உன் கடிதத்தைக் கொடுத்தார். எப்போதும் மாடிக்குப் போய் முதலில் தனியாகப் படிப்பேன், தாண்ட வேண்டியதைக் குறித்துக்கொள்வேன். அன்று கேப்டன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "வாசிங்க" என்றார். அங்கேயே, நின்றபடியே வாசித்தேன். "சிவப்புத் தாள்" என்ற சொல் வாயிலிருந்து வெளியே வந்ததும் அவர் கையை உயர்த்தினார். "திரும்ப வாசிங்க." வாசித்தேன். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஸ்டேஷன் டெலிபோனுக்கு நடந்தார். ஓடக்கூட இல்லை. நீ வரப்போவதை எழுதியிருந்த வரிகளை அன்று யாரும் கேட்கவில்லை. உன் கடிதத்தின் அந்தப் பாதியை நானே மாலையில்தான், அவர் மேசைமேல் போட்டுவிட்டுப் போன பிறகுதான் படித்தேன்.

அது ஒரு கடிதம்தான். எல்லை நெடுக இப்படி எத்தனையோ பேர் எத்தனையோ சுவர்களைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். நாங்கள் இல்லாவிட்டாலும் போர் வந்திருக்கும் என்று என்னிடம் எல்லாரும் சொல்கிறார்கள். ஒவ்வொரு நாடும் அடுத்தவன் முதலில் எழுந்துவிட்டானா என்று பார்த்துக்கொண்டு, எழுந்ததற்கு ஒரு சாட்சி கிடைத்தால் போதும் என்று உட்கார்ந்திருந்தது. அந்தச் சாட்சியை நாங்கள் உன்னிடம் கேட்டோம். அதற்காக உன்னை இரண்டு நாள் அங்கேயே இருத்திவைத்தோம்.

அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்பாய். கேப்டன் வேட்டைக்கு வந்தவரல்ல, ராணுவத்துக்கு உளவு சேர்க்க வந்தவர் என்று தெரியும். ஆனால் சனிக்கிழமை வண்டி வரும் என்று அவர் உண்மையாகவே நம்பினார் அக்கா. அட்டவணையில் இருந்தது. அன்று மாலை கட்டின் சீலை உடைத்தவர் முதல் தாளைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எல்லைக்கு அப்பாலிருந்து வரும் வண்டிகள் எல்லாவற்றின் மேலும் கோடு போட்டிருந்தது. பழைய அட்டவணைகளில் இருந்த அந்த ஒரு நாளை இந்த வருடம் எடுத்துவிட்டிருக்கிறார்கள். அவருக்குச் சொல்லவில்லை.

நான் பிளாட்பாரத்தில் நின்றேன். காலையிலிருந்து மாலை வரை. அப்பா இரண்டு முறை வெளியே வந்து, "வீட்டுக்குப் போம்மா" என்றார். மூன்றாவது முறை வந்து என் பக்கத்தில் நின்றார்.

ஆகஸ்டில் ரஷ்யப் படை வந்தபோது ஷில்வீத்தன் எரிந்தது. நாங்கள் மூட்டையோடு இங்கே வந்தோம். மினா வழியில் தன் அண்ணன் ஊரில் இறங்கிக்கொண்டாள். கேப்டனிடமிருந்து செப்டம்பரில் எனக்கு ஒரு அஞ்சலட்டை வந்தது, நலம் விசாரித்து. அவர் கேட்டதற்காக மட்டும் நான் எழுதிக் கொடுக்கவில்லை. யாராவது என்னை அப்படிக் கேட்க வேண்டும் என்றிருந்தது எனக்கு. இதை யாரிடமும் சொன்னதில்லை. அட்டையை அடுப்பில் போட்டேன்.

அப்பா அதிகம் பேசுவதில்லை. நேற்று மட்டும், சாப்பாட்டுக்கு நடுவில், உன் பெயரைச் சொன்னார். "தெக்லாவுக்குக் குழந்தை பொறந்திருக்குமே? ஆணா பொண்ணான்னு கேளு."

கேட்கிறேன். மன்னிப்பும் கேட்கிறேன். இதற்கு மேல் எதைக் கேட்கவும் எனக்கு உரிமையில்லை.

எல்ஸ்பெத்


(இடமும் தேதியும் எழுதவில்லை)

எல்ஸ்பெத்துக்கு,

ஸ்டாக்ஹோம் பெண் உன் கடிதத்தை அனுப்பிவைத்தாள். பதில் எழுத வேண்டுமா என்று மூன்று வாரம் யோசித்தேன்.

அந்தச் சனிக்கிழமை நான் கோவ்னோ ஸ்டேஷனில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். வண்டி கிடையாது என்று பத்து மணிக்குச் சொன்னார்கள். பதினொரு மணிவரை நம்பினேன்.

செவ்வாயன்று வீட்டைச் சோதனை போட்டார்கள். மேசை இழுப்பறையில் உன் கடிதங்கள் இருந்தன. எல்லாவற்றையும் நான் நாடா கட்டி வைத்திருந்தேன். பெட்டியை எண்ணாதே, அச்சை எண்ணு, எந்த நாளில் எவ்வளவு, நோட்டீஸ் என்ன நிறம். அந்த அதிகாரி ஜெர்மன் நன்றாகப் படித்தார். அவரும் வாய்விட்டுத்தான் வாசித்தார். "இது எங்க அப்பாவுக்கு" என்று சொன்னேன். "அப்பா என்ன வேலை?" என்று கேட்டார். சொன்னேன்.

யூர்கிஸை அவர் படைப்பிரிவிலிருந்தே பிடித்துக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் அவர் எண்ணிக்கொண்டு நின்றதைப் பார்த்த காவல்காரன் சாட்சி சொன்னான். மாமனாருக்குப் பரிசு என்று சொன்னதையும் சொல்லியிருக்கிறான். ஆறு மாதமாகிறது. விசாரிக்கப் போகும் இடத்திலெல்லாம் அப்படி ஒரு பெயர் இல்லை என்கிறார்கள்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று பார்த்தேன். நீ பொய் சொல்லவில்லை. அப்பாவும் பொய் சொல்லவில்லை. யாருமே பொய் சொல்லாமல் இது நடந்திருக்கிறது. அதனால் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஆனால் இனி உனக்கு எதையும் எழுத என் கை வரவில்லை. இங்கே ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று எழுதப்போனேன். நிறுத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரியின் பெயரை எழுதப்போனேன். நிறுத்திவிட்டேன்.

குழந்தை பிறந்தது. உயிரோடிருக்கிறது. அப்பாவிடம் அவ்வளவு சொல்.

ஆணா பெண்ணா என்று எழுதப்போவதில்லை. பெயரும்.

தெக்லா